கயிறு பிடித்து நின்ற கோழி

க்னியாஷெவாட்ஸ்
செர்பியா
2023 செப்டம்பர் 4, திங்கள்

விடோசாவாவுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் பேசியது போல் ஆகிவிடும். அம்மாவின் நாற்பதாம் நாளில், கல்லறையில், கையில் மெழுகுவர்த்தியோடு, "விடோசாவாகிட்ட இனி ஒரு வார்த்தை பேசினா என் நாக்கு உலந்து போகட்டும்" என்று சத்தியம் செய்தவள் நான். பத்தொன்பது வருடம் ஆயிற்று. நாக்கு ஈரமாகவே இருக்கிறது. கடிதம் பேச்சில் சேருமா என்று பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதறது கைதானே ஸ்டமெனா, நாக்கா?" என்றார். அதனால் கை எழுதுகிறது.

விஷயம் இதுதான். நேற்று என்னை ஏன் கொன்றாய்?

தெரியாத மாதிரி நடிக்காதே. என் பேத்தி இஸ்க்ரா இந்தக் கோடையில் வந்து என் டிவியில் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போனாள். அவள் லின்ஸில் வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததையும், உன் வீட்டில்தான் தங்கியிருக்கிறாள் என்பதையும் எனக்கு எட்டு மாதம் கழித்துச் சொன்னாள். அதை நான் தனியாக நினைவில் வைத்திருக்கிறேன். "பாட்டி, நாங்க செய்யிற கேமைப் பொறுமையே இல்லாத ரெண்டு வயசானவங்க ஆடிப் பாக்கணுமாம். எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே நீங்க ரெண்டு பேருதான்" என்றாள். "அவகூடவா? மாட்டேன்" என்றேன். "பேச வேண்டாம் பாட்டி. அங்க கரடிக்கும் கோழிக்கும் வாயே கிடையாது" என்றாள்.

சரி என்றேன். நான் கரடி, நீ கோழி. மூன்றாவதாக ஒரு முள்ளெலி மூலையில் தூங்கிக்கொண்டே இருக்கிறது, அது எதற்கு என்று தெரியவில்லை. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். பழைய மாவு மில் வாசலில் கல் கதவு. கோழி மேலே பறந்து கயிற்றை அலகால் பிடித்தால் கதவு உயரும், கரடி அடியில் புகுந்து போக வேண்டும். நீ பிடித்தாய். நான் நம்பிப் போனேன். கதவுக்கு நேர் அடியில் நான் நிற்கும்போது நீ கயிற்றை விட்டாய். கரடி அப்பம் போலத் தட்டையாகிப் போயிற்று. திரும்ப எழுந்து வந்தது என்பது வேறு விஷயம்.

எனக்கு ஆச்சரியம் இல்லை. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் காலை, சுவரிலிருந்த நம் வீட்டுப் புனிதர் லூக்காவின் படத்தைத் திருடிக்கொண்டு பஸ் ஏறியவள் நீ. அப்பாவின் அப்பா வைத்த படம். அந்த ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வீட்டுப் புனிதர் நாளில், ஸ்லாவாவில், பாதிரியார் அந்த வெறும் ஆணிக்கு முன்னால் நின்று ரொட்டியை வெட்டுகிறார். ஊரே பார்க்கிறது.

அடுத்த ஞாயிறும் உட்காருவேன். இஸ்க்ராவுக்காக.

ஸ்டமெனா


லின்ஸ்
ஆஸ்திரியா, செப்டம்பர் 11

அக்கா,

உன் எழுத்தைப் பார்த்ததும் முதலில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். செத்தது கரடி என்று தெரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

கை தவறிவிட்டது. முப்பத்தொரு வருடம் ஆபீஸ்களில் தரை துடைத்த கை. ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் கட்டைவிரல் நடுங்குகிறது. நேற்று மட்டும் நீ ஒழுங்காக ஆடினாயா? தண்ணீருக்கு மேலே இருக்கிற பலகையின் ஒரு முனையில் கரடி அசையாமல் நின்றால்தான் மறுமுனையில் கோழி ஏற முடியும். நீ நின்றாயா? ஏதோ சந்தைக்குப் போகிறவள் மாதிரி அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தாய். பதினோரு முறை தண்ணீரில் விழுந்தேன். இஸ்க்ரா எண்ணிக் குறித்துக்கொண்டாள். "சின்னப் பாட்டி, இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்று கேள்வித்தாளோடு பக்கத்தில் நிற்கிறாள். "நனைஞ்சு போன மாதிரி ஃபீல் பண்றேன், எழுதிக்கோ" என்றேன்.

படத்தைப் பற்றி எழுதாதே அக்கா. எழுதினால் நானும் நடந்ததை எழுத வேண்டிவரும். முதல் வருடம் மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஸ்லாவாவைப் பற்றியும் எழுதாதே. பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு அக்டோபரிலும் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். 'வா' என்று ஓர் எழுத்து. அதற்கு உன் கைக்கு என்ன கேடு?

விடோசாவா


க்னியாஷெவாட்ஸ்
செப்டம்பர் 18

விடோசாவாவுக்கு,

உன் மூன்று கடிதங்களும் வந்தன. அடுப்பில் போட்டேன், பிரிக்காமல். இப்போது சொல்லிவிட்டேன்.

இரண்டாவது. ஸ்லாவாவுக்கு யாரை யார் கூப்பிடுவார்கள்? நீ எந்த ஊரில் பிறந்தாய்? கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடலாம். வீட்டுப் புனிதரின் நாளுக்கு வருகிறவர்கள் தாமாக வருவார்கள். கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான். அப்பா ஒருவரையும் கூப்பிட்டதில்லை, அறுபது பேர் வந்தார்கள். நான் உன்னைக் கூப்பிட்டால், "தங்கச்சியையே கூப்பிட வேண்டிய நெலமை வந்துடுச்சு பாரு ஸ்டமெனாவுக்கு" என்று ஊர் சிரிக்காதா? அந்த நாட்டுத் தண்ணீர் உனக்கு இதைக்கூட மறக்கடித்துவிட்டது.

அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத வந்தது வேறு. எழுதாமல் இருக்கலாம் என்று காலையிலிருந்து குடைமிளகாய் சுட்டுத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். மனது கேட்கவில்லை.

நேற்று நீ நன்றாக ஆடினாய்.

நன்றாக என்றால், நீயா இது என்று எனக்கே புரியவில்லை. ஆரம்பத்தில் என் கரடி இரண்டு முறை அப்படியே உறைந்து நின்றது, பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு உன் கோழி புறப்பட்டது. நான் மனதுக்குள் 'இந்த உத்தரத்துக்குப் போயேன்' என்று நினைக்கிறேன், அங்கே போகிறது. 'கயிற்றைப் பிடியேன்' என்கிறேன், பிடிக்கிறது. பிடித்துவிட்டு நின்றது பார், அந்த நிற்பை நான் மறக்க மாட்டேன். நான் கதவுக்கு அடியில் போகிறேன், பயந்து திரும்பி வருகிறேன், மறுபடி போகிறேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கோழி ஓர் இறகைக்கூட அசைக்கவில்லை. கரடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மில் ஓடத் தொடங்கியது, மணி அடித்தது.

பக்கத்து வீட்டு ரடோய்கா வந்திருந்தாள். என் மாவுச் சல்லடையை 1998இல் வாங்கிப் போனவள், இன்னும் தரவில்லை. அவள் பார்த்துவிட்டு, "அக்கா, ஒன் தங்கச்சி ஒனக்காக எப்படி நிக்கிறா பாரு. என் புருஷன் ரேஷன் க்யூவுலகூட எனக்காக இப்படி நின்னதில்ல" என்றாள்.

"வாய மூடு, சல்லடையக் கொண்டா" என்றேன். ஆனால் விடோசாவா, எனக்காக யாரும் ஓர் இடத்தில் அப்படி நின்று எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடம். அதற்கு முன்னாலும் பெரிதாக நிற்கவில்லை.

அக்டோபர் 31 செவ்வாய்க்கிழமை வருகிறது. காலண்டரில் எல்லோருக்கும் தெரிகிற விஷயம், அதனால் சொல்கிறேன். படம் ஆணிக்கு வந்து சேர்ந்தால் போதும். யார் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

ஸ்டமெனா


லின்ஸ்
செப்டம்பர் 27

அக்கா,

இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் வைத்திருந்தேன்.

17ஆம் தேதி நான் ஆடவில்லை. என்னோடு ஆபீஸில் வேலை பார்த்த ஹில்டகார்ட் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவளைப் பார்க்க வெல்ஸ் போயிருந்தேன். இஸ்க்ரா வியன்னாவில் இருந்தாள். வீடு பூட்டியிருந்தது, பெட்டியின் வயர்கூடப் பிடுங்கித்தான் கிடந்தது.

உன் கடிதத்தை இஸ்க்ராவிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் கோழி யாருடி?" என்றேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. "சின்னப் பாட்டி, இன்னொருத்தர் வரலைன்னா கேம் எல்லாத்தையும் ஒருத்தர் கையில குடுத்துடும். மஞ்சள் பட்டனை அமுக்குனா கரடி நின்னுடும், கோழி நடக்கும். இன்னொரு தடவை அமுக்குனா முள்ளெலி எழும்பும். விட்ட இடத்துல விட்டது அப்படியே நிக்கும். பாட்டி விரல் பட்டிருக்கும். அவங்க தனியாத்தான் ஆடியிருக்காங்க" என்றாள்.

உனக்காகக் கால் மணி நேரம் நின்ற கோழி நீதான் அக்கா.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நல்ல பெயர் சும்மா வந்தது, வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் எடுக்காததை எடுத்தேன் என்ற பெயரோடு இத்தனை வருடம் இருந்துவிட்டேன். செய்யாததைச் செய்தேன் என்ற பெயர் இன்னொன்று எனக்கு வேண்டாம்.

ஆமாம், படம். இப்போது எழுதிவிடுகிறேன். அதைச் சுவரிலிருந்து கழற்றியது நீ. அடக்கம் முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு. மூன்று நாளாக நீ தூங்கவில்லை, ரக்கியா சாராயம் மூன்று கோப்பை உள்ளே போயிருந்தது. நான் நாளைக்கே லின்ஸ் திரும்புகிறேன், பஸ் இருக்கிறது என்றேன். நீ நாற்காலியில் ஏறினாய். படத்தை எடுத்தாய், ஒரு துண்டில் சுற்றினாய், முடிச்சுப் போட்டாய், என் பையில் திணித்தாய். "போறவதானே நீ. சாமியையும் தூக்கிட்டுப் போ. ஒனக்கு இனி அங்கதான் ஸ்லாவா" என்றாய்.

அதற்கு என்ன அர்த்தம் என்று நான் எடுத்துக்கொள்வது? வீட்டுப் புனிதரையே கையில் கொடுத்து அனுப்பினால், இந்த வீட்டுக் கதவு உனக்கு இல்லை என்றுதானே? அதனால்தான் நீ கூப்பிடக் காத்திருந்தேன். கூப்பிடுகிற வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? துரத்தப்பட்டவள் கூப்பிடாமல் எப்படி வருவாள்?

படம் அலமாரியில் இருக்கிறது. சுற்றியிருந்த துண்டைத் தனியாகப் பார்சலில் அனுப்புகிறேன். பார்த்துக்கொள்.

விடோசாவா


க்னியாஷெவாட்ஸ்
அக்டோபர் 9

விடோசாவாவுக்கு,

பொய்.

பார்சல் ஒன்றும் வரவில்லை. வராது, எனக்குத் தெரியும்.

நான் மறப்பவள் இல்லை. நான்கு வகுப்புதான் படித்தேன், ஆனால் நான்கு வகுப்பில் யார் யார் என் பென்சிலை எடுத்தார்கள் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன். 1961இல் என் சிவப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு டிமோக் ஆற்றில் இறங்கியவள் நீ. அடக்கத்தன்று நீ சாம்பல் நிறக் கோட்டு, வலது கை மடிப்பில் தையல் பிரிந்திருந்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் மிலூட்டின் நொண்டினான். மழை நின்று நின்று பெய்தது. பீன்ஸ் குழம்பில் உப்பு கூட. சாப்பிட வந்தவர்கள் முப்பத்தேழு பேர். கடைசியாகப் போனது ரடோய்கா, ஒரு ரொட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு. பிறகு

பிறகு காலையில் ஆணி வெறுமையாக இருந்தது.

நடுவில் நான் தூங்கியிருப்பேன். மனிதர்கள் தூங்குவார்கள்.

நேற்று ரடோய்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த மஞ்சள் பட்டனை அமுக்கினேன். கரடி நின்றுவிட்டது. ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினேன், கோழி நடந்தது. "அக்கா, நீதான்க்கா கோழி" என்று கத்தினாள் ரடோய்கா. மறுபடி அமுக்கினேன், முள்ளெலி கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தது. "அதுவும் நீதான்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "எல்லாம் நீயே ஆயிட்டா, அக்கா, இனி யார்கூடச் சண்ட போடுவ?"

அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கோழியை மேலே ஏற்றிக் கயிற்றைப் பிடிக்க வைத்தேன். பட்டனை அமுக்கிக் கரடிக்கு வந்தேன். கோழி நின்றது. அதே நிற்பு. போன மாதம் அதைப் பார்த்துவிட்டுத்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். நானே நிறுத்தி வைத்துவிட்டு, நீ நிற்கிறாய் என்று நானே நன்றி சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை விடோசாவா. விரல் செய்கிறது, எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் நான் வேறு என்னவெல்லாம் செய்திருக்கிறேன்? அடுப்படியில் நிற்கும்போது எதற்கு வந்தேன் என்று யோசிக்கிறேன். சல்லடையை ரடோய்காதான் வாங்கிப் போனாளா என்றுகூட நேற்று ஒரு சந்தேகம் வந்தது. அதை அவளிடம் சொல்லாதே.

ஒன்று மட்டும் நேராகச் சொல். செப்டம்பர் 3ஆம் தேதி கயிற்றை விட்டு என்னைக் கொன்ற கோழி. அதுவும் நான்தானா? அல்லது நீயா?

ஸ்டமெனா


லின்ஸ்
அக்டோபர் 16

அக்கா,

அது நான்.

கை தவறவும் இல்லை. கரடி கதவுக்கு அடியில் வந்து நின்று மேலே பார்த்தது. உன்னைப் போலவே, முழுதாக நம்பி. என் கட்டைவிரல் என்னைக் கேட்கவில்லை என்று சொல்லலாம். கேட்டது. நான் சரி என்றேன். பத்தொன்பது வருடத்துக்கும் சேர்த்து ஒரு முறை. இஸ்க்ரா "சின்னப் பாட்டி!" என்று அலறினாள். கரடி தட்டையானதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

இஸ்க்ரா 31ஆம் தேதிக்கு லீவு போட்டிருக்கிறாள். பெல்கிரேடு வரை இரண்டு டிக்கெட் எடுக்கட்டுமா என்று தினமும் கேட்கிறாள். படத்தைத் துடைத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் என் கால் எழவில்லை.

ஒரே எழுத்து அக்கா. வா.

விடோசாவா


க்னியாஷெவாட்ஸ்
அக்டோபர் 23

விடோசாவாவுக்கு,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை இரண்டு முறை பார்த்தாள்.

துண்டு சனிக்கிழமை வந்தது. சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு டேப் ஒட்டியிருக்கிறார்கள். நீ முடிச்சை அவிழ்க்கவே இல்லை. மறுபக்கம் கத்தரியால் வெட்டித்தான் படத்தை எடுத்திருக்கிறாய். சமையலறைத் துண்டு, நீலக் கரை, ஓரத்தில் நான் போட்ட தையல். அது மட்டும் என்றால், கொடியிலிருந்து உருவிக்கொண்டாய் என்று சொல்லியிருப்பேன். சொல்ல வாயும் திறந்தேன்.

முடிச்சைப் பார்த்தேன். இடது கை முடிச்சு. இந்த வீட்டில் இடது கைக்காரி நான் ஒருத்திதான். "ஸ்டமெனா கட்டுனத ஸ்டமெனாதான் அவுக்கணும்" என்று அப்பா மூட்டைகளைக் காட்டிச் சிரிப்பார், உனக்கும் நினைவிருக்கும். மேசையில் வைத்தேன். விரல்கள் போயின. முதலில் அடிச் சுருக்கு, பிறகு மேல் சுருக்கு. ஒரு நொடியில் அவிழ்ந்தது.

எனக்கு இன்னமும் நினைவில்லை. இதை நீ நம்ப வேண்டும். நாற்காலி நினைவில்லை, படத்தைத் தூக்கியது நினைவில்லை, உன்னிடம் சொன்னது நினைவில்லை. ரடோய்காவின் அக்குளில் இருந்த ரொட்டி நினைவிருக்கிறது, இது இல்லை. ஆனால் முடிச்சு என்னுடையது.

அந்த ஓர் எழுத்தை நான் எழுத மாட்டேன். அப்பா வீட்டில் அந்த வழக்கம் இல்லை, நான் தொடங்க மாட்டேன். வேறு சில விஷயங்கள் எழுதுகிறேன், ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே.

நீஷிலிருந்து நம் ஊர் பஸ் காலை பதினொன்றே காலுக்கு, நான்காம் மேடை. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் வெயில் அடிக்காது. பாலம் தாண்டி இறங்கினால் நடை குறைவு. பாதிரியார் ஒரு மணிக்கு வருகிறார். கோதுமை ஊறப்போட வாங்கிவிட்டேன். சர்மாவுக்கு இறைச்சி வைத்துச் சுருட்ட முட்டைக்கோஸ் இலை புளித்துவிட்டது, இந்த வருடம் நாற்பது உருட்டுகிறேன், கொழுப்பு குறைத்து, ஏனென்றால் சிலருக்குப் பித்தப்பை எடுத்திருப்பதாக இஸ்க்ரா சொன்னாள். ஆணியை நேற்று ஆட்டிப் பார்த்தேன். உறுதியாக இருக்கிறது.

கதவு திறந்திருக்கும். எல்லோருக்கும் திறந்திருப்பதுதான்.

ஸ்டமெனா


க்னியாஷெவாட்ஸ், நம் சமையலறை
அக்டோபர் 31, சாயங்காலம்

விடோசாவாவுக்கு,

நீ எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாய். இருந்தாலும் சத்தியம் சத்தியம். நாற்பதாம் நாள் மெழுகுவர்த்தியோடு செய்தது. பாதிரியாரிடம் மத்தியானம் மெதுவாகக் கேட்டேன், அடுத்த வாரம் கோயிலுக்கு வா, பார்க்கலாம் என்கிறார். அதுவரை கை எழுதும். சிரிக்காதே, எழுத்து கோணுகிறது.

மத்தியானம் நீ வாசலில் நின்று, "அக்கா, யாரும் கூப்பிடாமலே வந்துட்டேன்" என்றாய். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். அதற்குள் ரடோய்கா, "என்னக்கா, நாக்கு உலந்துடுச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். அதையும் நான் நினைவில் வைத்துக்கொள்வேன். உனக்குச் சொல்ல வந்ததை இங்கே எழுதுகிறேன்: செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டாய்.

படத்தை நீயே மாட்டினாய். கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. பாதிரியார் ரொட்டி வெட்டும்போது அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிசெய்ய எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். நீ மாட்டியது என்று தெரிந்தே அப்படி இருக்கட்டும். நாளைக்குக் காலையில் யார் இதைச் சாய்த்தது என்று நான் கேட்டால், இந்தத் தாளைக் காட்டு.

வந்தவர்கள் எல்லாரும் போயாயிற்று. இஸ்க்ரா டிவியைப் போட்டுவிட்டாள், முள்ளெலி அவளுக்காம். கடைசிக் கதவு மூன்று பேரும் தனித்தனியாக நின்றால்தான் திறக்குமாம். மஞ்சள் பட்டன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டச் சொல்லிவிட்டேன், என் விரலை நான் நம்பவில்லை.

கோழியை நீ எடுத்துக்கொள். நான் கதவுக்கு அடியில் போகிறேன். கயிற்றை விட்டாலும் விடு. அது நீதான் என்று தெரிந்தால் போதும்.

ஸ்டமெனா